வாடகைப் பாக்கியும் வியாபாரியின் மானமும்



நம்முடைய வியாபாரிகளிடையே நெடுநாளாக ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கஷ்டத்தை வெளியில் சொல்லாதவனே மானஸ்தன், சொன்னவன் மானமிழந்தவன் என்பதே அந்த எண்ணம். இது நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்திலிருந்து நம்மோடு வருகிறது. இதில் நன்மையும் உண்டு என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. கையேந்தாமல் உழைத்து உண்ட சமுதாயம் நம்முடையது. ஆனால் வாடகை கட்ட வழியில்லாமல் ஒரு சகோதரர் திண்டாடும்போது இந்த எண்ணம் அவரைக் காக்கிறதா, அல்லது அழிக்கிறதா? அவர் வாய் திறவாதது மானமா? அவரைச் சுற்றியிருக்கும் நாம் வாய் திறவாததற்கு என்ன பெயர்? இதைப் பற்றியே இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம்.

நாம் கண்ட ஒரு சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சகோதரர் துணிக்கடை வைத்திருந்தார். நம்மைவிடப் பத்து வயது இளையவர். காலையில் கடை திறந்ததும் சேர்ந்தே தேநீர் குடிப்போம். ளுஹர் தொழுகைக்குச் சேர்ந்தே போவோம். 2020-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, உணவுப் பொருள் விற்பவர்களைத் தவிர மற்றவர்களெல்லாம் கடையைப் பூட்டினோம். அவ்வாண்டு ஏப்ரல் 24-ந் தேதி நோன்பு பிறந்தது. நோன்புச் சந்தைகளுக்கு அனுமதியில்லை. துணி வியாபாரிக்கு நோன்பு மாதம் என்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டெல்லாம் பட்ட நஷ்டத்தை அந்த ஒரு மாதத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். அது கைவிட்டுப் போயிற்று. 2021 ஜூன் 1-ந் தேதி முழு அடைப்பு மறுபடியும் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சகோதரர் முன்போலவே சிரித்தார். முன்போலவே சலவைச் சட்டையோடு வந்தார். தேநீருக்கு நாம் காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டுத் தாமே கொடுத்தார். முழு அடைப்பு தளர்ந்த சில மாதங்களில் ஒரு நாள் காலை அவர் கடைக் கதவு திறக்கப்படவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டிடக்காரருடைய ஆள் வந்து சொன்ன பிறகுதான் ஏழு மாத வாடகை பாக்கி என்பதும், இருந்த சரக்கை இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்பதும் நமக்குத் தெரிந்தது. வீட்டு வாடகையும் நின்றுபோய், மனைவி மக்களோடு கிள்ளானில் மச்சான் வீட்டு அறையொன்றில் ஒண்டியிருந்தார். இடையிலே ஆலோங் எனப்படும் வட்டிக்காரர்களிடமும் கை நீட்டியிருக்கிறார். ஹராம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வட்டிக்காரன் இரகசியத்தைக் காப்பான், நாம் காக்கமாட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

சில வாரம் கழித்துக் கிள்ளானில் ஜும்ஆத் தொழுகையின்போது அவரைக் கண்டோம். நம்மைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். விடாமல் போய்க் கையைப் பிடித்துக் கேட்டோம்: "ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "எப்படி நானா சொல்றது? இன்னைக்கு உங்ககிட்ட சொன்னா, நாளைக்கு மொத்தக் கடையில சரக்கை நிறுத்திருவாங்க. நீங்களாக் கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன்."

அந்த ஆண்டும் நாம் ஜக்காத் கணக்குப் பார்த்துக் கட்டினோம். பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கச் சந்தா கொடுத்தோம். இரண்டுக்கும் இரசீது இருக்கிறது. ஆனால் இரண்டு கடை தள்ளியிருந்தவரிடம், "தம்பி, இந்த மாத வாடகை கட்டியாச்சா?" என்று ஒரு நாளும் நாம் கேட்கவில்லை. இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே மேலே எழுத நமக்கு யோக்கியதை உண்டாகும்.

பசி முகத்தில் தெரிந்துவிடும். நோய் நடையில் தெரிந்துவிடும். வாடகைப் பாக்கி மட்டும் எதிலும் தெரிவதில்லை. அதிலும் வியாபாரியின் பாக்கி சுத்தமாகத் தெரியாது. கடை நிறையச் சரக்கு இருக்கும். அது மொத்தக் கடைக்காரருடையது. பெட்டியில் பணம் இருக்கும். அது நாளைய தவணைக்கு உரியது. 555 புத்தகத்தில் வாடிக்கைக்காரர் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். வந்து சேர வேண்டிய பணம் வந்து சேராது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் முதலாளி. அவர் மனைவிக்கும் கட்டிடக்காரருக்கும் மட்டுமே உண்மை தெரியும்.

2021-ம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இந்நாட்டில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உணவில்லாத குடும்பங்கள் வீட்டு வாசலிலோ சன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, பார்த்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று ஒரு வழக்கம் மலாய், சீன, தமிழ் மக்கள் என்ற பேதமில்லாமல் பரவியது. அரிசியும் முட்டையும் பால்மாவும் வாசல் தேடிப் போயின. அதை ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கேட்கும் வெட்கத்தைக் கேட்பவர் தலையிலிருந்து இறக்கி, பார்ப்பவர் தலையில் வைத்த காரியம் அது என்பதே நம் எண்ணம்.

அந்த வெள்ளைத் துணியை ஒரு வியாபாரி தம் கடையில் கட்ட முடியுமா? கட்டிய மறுநாள் கடன் கொடுத்தவரெல்லாம் வாசலில் நிற்பார்கள். ஆகவே வியாபாரியின் கஷ்டத்திற்குக் கொடி கிடையாது.

இந்த நிலையை நம்முடைய மார்க்கம் அறியாமலில்லை. தர்மம் யாருக்கு உரியது என்று சொல்ல வந்த திருமறை, பகரா சூராவின் 273-வது வசனத்தில் ஒரு கூட்டத்தாரைத் தனியே எடுத்துக் காட்டுகிறது. அவர்கள் வருந்திக் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய அடக்கத்தைப் பார்த்து விவரமறியாதவன் அவர்களைச் செல்வந்தர்கள் என்று எண்ணிக்கொள்வான் என்பது அதன் கருத்து. கவனிக்க வேண்டும் சகோதரர்களே! கேட்காதவரை அவ்வசனம் குறை கூறவில்லை. அவரைப் பார்த்தும் உணராதவனைத்தான் அறியாதவன் என்கிறது. நாயகம் (ஸல்) அவர்களும், ஒரு கவளம் இரண்டு கவளத்திற்காக வீடு வீடாகச் சுற்றுகிறவன் மிஸ்கீன் அல்ல. தேவைக்குப் போதாமல் இருந்தும் பிறர் கண்ணில் படாமல் இருப்பவனே மிஸ்கீன் என்ற கருத்தில் கூறியிருக்கிறார்கள். சலவைச் சட்டையோடு நம்மோடு தேநீர் குடித்தவரைத்தான் அது குறிக்கிறது.

"அப்படியானால் கேட்பது கூடுமா? யாசகத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். கண்டித்தது உண்மை. பொருளைப் பெருக்குவதற்காகக் கேட்பது நெருப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் கபீஸா (ரலி) என்ற தோழர் உதவி கேட்டு வந்தபோது, மூன்று பேருக்குக் கேட்பது ஆகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர் ஒருவர்; ஆபத்து வந்து பொருளை இழந்தவர் ஒருவர்; வறுமை வந்துவிட்டது என்று அவருடைய கூட்டத்தாரில் விவேகமுள்ள மூன்று பேர் சாட்சி சொல்லும் நிலையிலுள்ளவர் ஒருவர்.

இந்த மூன்றாமவர் விஷயத்தை நாம் பலமுறை யோசித்தோம். விவேகமுள்ள மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டுமானால், அந்த மூன்று பேருக்கும் அவர் நிலை தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தெரிய வேண்டுமானால் அவர்கள் விசாரித்திருக்க வேண்டுமல்லவா? ஆக, கேட்பவருக்கு இட்ட கட்டுப்பாட்டின் உள்ளேயே அக்கம்பக்கத்தாரின் கடமையும் அடங்கியிருக்கிறது.

மேலே செல்வதற்கு முன் ஒன்று. நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதையும் ஆலிம்களின் வாயால் கேட்டதையும் வைத்து எழுதுகிறோம். ஐயமுள்ளவர்கள் தங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளவும்.

ஜக்காத் என்பது கொடுப்பவர் போடும் பிச்சையல்ல, வாங்குபவரின் உரிமை. தவ்பா சூராவின் 60-வது வசனம் சொல்லும் எட்டு வகையாரில் பக்கீரும் மிஸ்கீனும் இருக்கிறார்கள். கடன்பட்டு அடைக்க முடியாதவரும் இருக்கிறார். ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இன்னும் ஒரு படி மேலே போய், தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலுக்குத் தக்கபடி முதல் கொடுக்க வேண்டும், காய்கறி விற்பவருக்கு ஒரு அளவு, துணி வியாபாரிக்கு ஒரு அளவு, நகை வியாபாரிக்கு வேறொரு அளவு என்று விவரித்திருக்கிறார்கள். வியாபாரி நொடித்துப் போவது புதிதல்ல என்பதும், அவரை மறுபடி கடையில் உட்கார வைப்பது ஜக்காத்தின் வேலை என்பதும் இதனால் விளங்குகிறது.

இன்று இந்நாட்டில் ஜக்காத்தின் நிர்வாகம் மாநில மார்க்க அதிகாரத்தின் கையில் இருக்கிறது. கிள்ளானில் குடியிருப்பவர் சிலாங்கூர் ஜக்காத் வாரியத்தை அணுக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர், 1974-ம் ஆண்டு கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபடியால், கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய மன்றத்தின் பைத்துல்மாலை அணுக வேண்டும். கடை எங்கே இருக்கிறது என்பதல்ல, குடியிருப்பு எங்கே என்பதே பொதுவாகக் கணக்கு. சிலாங்கூர் வாரியத்தில் வீட்டு வாடகைக்கென்றே ஓர் உதவி உண்டு. தொழில் முதலுக்கும் உண்டு. 'ஹத்துல் கிபாயா' என்ற கணக்குப்படி, குடும்பத்தில் எத்தனை பேர், குடியிருப்பு, உணவு, உடை, மருந்து, படிப்பு, போக்குவரத்து இவற்றுக்கு எவ்வளவு வேண்டும், வருமானம் எவ்வளவு என்று எடை போட்டு முடிவு செய்கிறார்கள். அடையாளக் கார்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், பாக்கிக்கான கடிதங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால் அலைச்சல் குறையும். வியாபாரிக்கு இரண்டு வாடகை உண்டு. வீட்டு வாடகைக்கு ஒரு கை கிடைத்தால் கடை வாடகையை அவர் மூச்சுவிட்டுக் கட்டலாம்.

இவை தவிர சமூக நலத்துறையின் மாத உதவி மதபேதமின்றி வறியவர்களுக்கு உண்டு. கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகள் நெடுங்காலமாக மாதம் 124 வெள்ளி வாடகைக்கு வறிய குடிமக்களுக்கு விடப்பட்டு வந்திருக்கின்றன. வங்கிக் கடனில் சிக்கியவர்களுக்கு, தேசிய வங்கி 2006-ல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிலையம் கட்டணமின்றி வழி சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. நேரில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் சிறிது தெரிந்திருப்பது நல்லது. வாடகை நின்றுவிட்டது என்பதற்காகக் கட்டிடக்காரர் தாமாகவே பூட்டை மாற்றி வெளியேற்ற 1950-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதே சமயம் 1951-ம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றத்தின் மூலம் பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்குக் கடையிலுள்ள பொருளை ஜப்தி செய்ய அவருக்கு வழியுண்டு. 2020 அக்டோபரில் வந்த தற்காலிகச் சட்டம், மார்ச் 18 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான பாக்கிக்கு மட்டும் அந்த ஜப்தியிலிருந்து விலக்குத் தந்தது. அந்த நிழல் இப்போது இல்லை. ஆகவே முதல் மாதம் தவறும்போதே கட்டிடக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவதே விவேகம். ஏழாம் மாதத்தில் பேச வாய் வராது.

இனி, கட்டிடம் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை உங்கள் உரிமை, அதில் சந்தேகமில்லை. விதவை ஒருவர் அந்த ஒரு வாடகையை நம்பியே சாப்பிடுகிறார் என்பதும் உண்டு. வசதி இருந்தும் இழுத்தடிக்கும் வாடகைக்காரர் செய்வது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்களே கூறியிருக்கிறார்கள். ஆனால் உண்மையில் இயலாதவருக்கு அவகாசம் தர வேண்டும் என்பதும், விட்டுக் கொடுத்தால் அது இன்னும் மேல் என்பதும் பகரா சூராவின் 280-வது வசனத்தின் கட்டளை. 2020-ல் சிறு தொழில் வாடகைக்காரருக்கு 30 சதவிகிதத்துக்குக் குறையாமல் வாடகையைக் குறைத்த கட்டிடக்காரருக்கு அரசாங்கமே வரிச்சலுகை கொடுத்தது. சர்க்கார் கணக்கிலேயே இதற்கு இடமிருந்தபோது, அல்லாஹுத்தஆலாவின் கணக்கில் இல்லாமல் போகுமா?

இங்கே ஒரு கேள்வி வழக்கமாக எழுகிறது. "வராத பாக்கியைத் தள்ளிவிட்டு, அதை என் ஜக்காத்தில் கழித்துக் கொள்ளலாமா?" என்பது. ஆலிம்களில் பெரும்பாலோர் கூடாது என்கிறார்கள். வராக்கடனை எழுதிவிட்டு ஜக்காத் தீர்ந்தது என்பது ஏழைக்குக் கொடுப்பதாகாது. நம்முடைய நஷ்டத்தைக் குறைத்துக் கொள்வதாகும். பாக்கியை விட்டுக் கொடுப்பது ஸதக்காவாக நிற்கும். ஜக்காத் தனியே நிற்கும்.

அபூகதாதா (ரலி) அவர்களுடைய வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் உண்டு. தமக்குக் கடன்பட்ட ஒருவரைத் தேடிப் போனார்கள். அவர் ஒளிந்து கொண்டார். பிறகு கண்டுபிடித்து விசாரிக்க, "என்னிடம் இல்லை" என்றார். இயலாதவருக்கு அவகாசம் தந்தவரை மறுமைத் துன்பத்திலிருந்து அல்லாஹ் காப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதை நினைவு கூர்ந்தார்கள். மற்றொரு சமயம் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, "அந்தக் கடன் என் பொறுப்பு" என்று முன்வந்தவரும் இதே அபூகதாதாதான். தமக்கு வர வேண்டியதில் பொறுமை. பிறர் கடனுக்குப் பொறுப்பு. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. தூணுக்குப் பின்னால் ஒளிந்தவரை நாம் கண்ட அன்று இந்த வரலாறுதான் நம் நினைவுக்கு வந்தது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறோம். ஜக்காத்தை வசூலிக்கும் அதிகாரம் நமக்கில்லை; அது வேண்டியதுமில்லை. ஸதக்காவும் வட்டியில்லாக் கடனாகிய கர்ளு ஹஸனும் நம் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் நாவடக்கமுள்ள மூன்று பேரை நியமிப்போம். கபீஸா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த மூன்று பேராக அவர்கள் இருக்கட்டும். மாதம் ஒரு முறை தெருவைச் சுற்றி, கஷ்டப்படுகிறவர் வருமுன் தாமே போய்க் கேட்கட்டும். வாடகை இரண்டு மாதம் நின்றால் அவரோடு கட்டிடக்காரரிடம் போய்த் தவணை பேசட்டும். ஜக்காத் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்துக் கூடவே போகட்டும். அவசரத்துக்குக் கர்ளு ஹஸன் கொடுக்கட்டும். கணக்கில் தொகை இருக்கட்டும், பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையில் படம் வேண்டவே வேண்டாம். ஆண்டு விருந்தில் ஒரு கறியைக் குறைத்தாலே இதற்கு ஆரம்ப முதல் கிடைத்துவிடும். மொத்தக் கடைச் சகோதரர்களும் ஓர் உறுதி செய்ய வேண்டும்: கஷ்டத்தைச் சொன்னவருக்குச் சரக்கை நிறுத்துவதில்லை, அவரை அழைத்துத் தவணை பேசுவோம் என்று. அந்தப் பயம் நீங்கினாலன்றி எவர் வாயும் திறக்காது.

கஷ்டப்படும் சகோதரருக்கும் ஒன்று சொல்கிறோம். உரிமையானதைக் கேட்பதால் மானம் போகாது. வட்டிக்காரனிடம் அடகு வைத்த மானத்தை மீட்கத்தான் வழியில்லை.

கிள்ளானுக்குப் போன அந்தச் சகோதரர் இப்போது மச்சான் கடையில் வேலை பார்க்கிறார். கட்டிடக்காரருக்கு மாதந்தோறும் சிறுகச் சிறுக அனுப்பிப் பாதிக்கு மேல் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். அவருடைய பழைய கடையில் இன்று வேறொருவர் இருக்கிறார். புதியவர், ஊரும் நம் ஊரல்ல. சென்ற மாதம் முதல் தேதி தேநீர் குடிக்கும்போது அவரிடம் கேட்டோம்: "தம்பி, வாடகைக்கெல்லாம் சிரமமில்லாமல் போகுதா?" அவர் முதலில் திகைத்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக் கொண்டார்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் கேட்கும் நாவையும் காக்கும் நெஞ்சையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.